சிவப்பு வயர்

அன்ஸார், மச்சான் பக்கீரின் வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தான். உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை; விரல்கள் சொன்னபடி மடங்கின. உள்ளங்கையில் பயறளவு இடம் வெளுத்து, நடுவில் கருகியிருந்தது. அது மறையும்வரை அவன் கையை விடவில்லை.

"மாரடைப்பு எண்டு சொல்லு, புள்ள," என்றான் தங்கையைப் பார்க்காமல். "ஆர் கேட்டாலும் அதான். நெஞ்சப் பிடிச்சார், விழுந்தார். வேற கதை வேணாம்."

ஸல்ஹா சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுடைய முக்காடு தோளில் கிடந்தது.

"கரண்ட் எண்டு ஒரு சொல்லு வெளிய போனா பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டுவாங்கள். நாளைக்கோ நாளண்டைக்கோதான் ஜனாஸாவத் தருவாங்கள். மச்சான வெட்டக் குடுக்க ஏலுமா உனக்கு?"

"ஏலாது காக்கா."

அவ்வளவுதான். ஒரு பொய்க்கு இத்தனை சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரை யாரோ கத்தியோடு நின்று பார்ப்பதை நினைக்க அவளால் முடியவில்லை. பொய்தான் இலகுவாக இருந்தது.

அன்ஸார் மேசையில் இருந்த மெஷினின் பிளக்கைக் கழற்றி வயரைச் சுருட்டி வைத்தான். தரையில் தேங்கியிருந்த தண்ணீரைச் சாரத்தின் நுனியால் துடைத்தான். இருபது வருடமாக அரிசிக் கடை வைத்திருப்பவன்; எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் ஒதுக்குவது என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகு வாசலுக்குப் போய் அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கியாயிற்று. குளிப்பாட்டிய லெப்பை கையிலிருந்த புள்ளியைக் கண்டாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். பக்கீரின் கையில் சூடுபட்ட அடையாளம் இல்லாத நாள் எது? ஈயம் உருக்கிய கை அது.

மேசையில் இருந்த மெஷின் காசிநாதருடையது. துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்று உவர்மலையில் இருக்கிறவர். தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றின் எஞ்சினியர் அந்தக் கோப்பி மெஷினை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனான். செம்பில் கொதிகலன், பக்கத்தில் ஒரு நீட்டுக் கைப்பிடி. அதைக் கீழே இழுத்து விட்டால் கறுப்பாகக் கோப்பி சொட்டும். எந்த நாட்டில் செய்ததென்று அடித்தட்டில் இருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. பத்து வருடம் அது அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. மகள் யோகமலரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் மனிதருக்கு அதன் நினைவு வந்துவிட்டது. கொழும்பு ஆட்களுக்கு வெறும் தேத்தண்ணி கொடுத்தால் மதிப்பில்லையாம்.

அது எழுபத்து மூன்றாம் ஆண்டு. அரிசிக்கும் மாவுக்குமே கப்பலை எதிர்பார்த்திருந்த காலத்தில் கோப்பி மெஷினுக்கு யார் சாமான் இறக்குவது? பக்கீர் லொறி ரியூபை வெட்டி வாஷர் செய்தார். உடைந்த இஸ்திரிப்பெட்டியின் கம்பியை உருவி ஹீட்டரைப் புதிதாகச் சுற்றினார். ஸல்ஹா பழப்புளி போட்டுச் செம்பைத் துலக்கிக் கொடுத்தாள். மூன்று கிழமையில் எல்லாம் முடிந்து, பிளக்குக்குப் போகிற பழைய வயரை மாற்றுவது மட்டும் மிச்சமிருந்தது.

வயர்தான் பக்கீரின் தொழில். வெள்ளைக்காரன் காலத்தில், பதினாறு வயதில், கப்பல் பழுது பார்க்கிற டொக்யாட்டில் சேர்ந்து படித்தது. சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும், பச்சை நிலத்துக்கு, அதுதான் எர்த். டொக்யாட்டில் வேலை செய்த முஸ்லிம்கள் இதைக் கலிமாவுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு பக்கீர் ஊருக்குள் வயரிங் செய்தார். ஜமாலியாவில் பாதி வீடு அவருடைய வேலை. பள்ளிவாசலும் அவருடைய வேலை. "பக்கீர்ட கை பிழைக்காது" என்று ஆட்கள் சொன்னால், காதில் விழாதவர் போல பீடியைப் பற்றவைப்பார். வீட்டுக்கு வந்து அதையே ஸல்ஹாவிடம் மூன்று தரம் சொல்லிக் காட்டுவார்.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக அவருடைய கண்களில் பூ விழுந்திருந்தது. ஆள் தெரியும், வழி தெரியும், நிறம் தெரியாது. சிவப்பும் கறுப்பும் பச்சையும் அவருக்கு ஒரே மண்நிறம். கண் டாக்டரிடம் போனால் ஊர் அறியும். அறிந்தால் யார் வேலை தருவார்கள்? ஆகவே வேலைக்குப் புறப்படுமுன் ஸல்ஹா வயர்களைப் பிரித்து நுனிகளில் நூல் கட்டிக் கொடுப்பாள். சிவப்புக்கு ஒரு முடிச்சு, கறுப்புக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று. அவர் விரலால் எண்ணிப் பூட்டுவார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது.

வியாழக்கிழமை காலை, வீட்டில் வைத்துச் செய்கிற வேலை என்பதால் முடிச்சுக்கூடப் போடவில்லை. மெஷினைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயாலேயே கேட்டார்.

"உள்ளுக்கிருந்து வாற வயர் இது. என்ன நிறம்?"

"சிவப்பு."

"இது?"

"சாம்பல் நிறம்."

"சாம்பலா?" பக்கீர் சற்று யோசித்தார். "பச்சை வெளிறியிருக்கும். பழைய சாமான்தானே. மற்றது?"

"கறுப்பு."

"அவ்வளவுதான். புது வயர்ல சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மிச்சம் எர்த்."

மூடியைப் பூட்டி, நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றினார். ஒரு வாஷரில் ஒழுகியது. பிறகு பார்க்கலாம் என்றார். சுவிட்சைப் போட்டார். ஐந்து நிமிடமாகியும் சூடு ஏறவில்லை. "என்ன இது குளுந்து போய்க் கிடக்கு" என்று செம்பில் கையை வைத்தார். வெறுங்கால், கீழே ஈரம். ஸல்ஹா குசினிக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான்தான் பிழையாகச் சொன்னேன். அன்று முழுவதும் அவளுக்குள் இது ஒன்றுதான் ஓடியது. துணி சுற்றிய பழைய வயர், எண்ணெய் ஊறி மங்கியது. கறுப்பைச் சிவப்பு என்றேனோ? சிவப்பைச் சாம்பல் என்றேனோ? அவர் என் கண்ணை நம்பினார், நான் கொன்றுவிட்டேன்.

இத்தாவுக்கு அவளை இருத்த வீட்டில் உள்ளறை ஒன்றுதான் இருந்தது. அதுதான் பக்கீர் வேலை செய்த அறை. அன்ஸாரின் மனைவி நபீஸா அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, பாய் விரித்து, கதவில் திரையைக் கட்டினாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது, வாசல் தாண்டக்கூடாது. மேசையை வெளியே எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளும் மெஷினும் ஒரே அறையில் இருந்தார்கள்.

திரைக்கு அப்பால் ஆண்கள் வந்து உட்கார்ந்து கதைத்தார்கள். டொக்யாட்டில் பக்கீரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து இப்போது ஹயர் கார் ஓட்டுகிற ஆதம்பாவா, சின்னப்பிள்ளை போலத் தேம்பினார்.

"போன வருஷம் என்ட வீடு முழுக்க அவன்தான் வயர் இழுத்தான். ஒரு பல்ப் மினுங்கினதில்ல. அவன்ட கை பிழைக்காது."

எல்லோரும் ஓம் என்றார்கள். ஸல்ஹா மேசையைப் பார்க்காமல் இருக்க மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போன நேரம் அவளால் பொறுக்க முடியவில்லை. எந்த நிறத்தைப் பிழையாகச் சொன்னேன் என்று தெரிந்தாலாவது போதும் என்றிருந்தது. மெஷினைக் கவிழ்த்து நாலு திருகாணியையும் கழற்றி மூடியை எடுத்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. சாம்பல் சாம்பல்தான். கறுப்பும் கறுப்புத்தான்.

பிறகு ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள். கறுப்பு ஹீட்டரின் ஒரு முனைக்குப் போயிற்று. சாம்பல் மறுமுனைக்குப் போயிற்று. சிவப்பு ஹீட்டருக்கே போகவில்லை. செம்பின் அடியில், வெறும் உடம்பில், ஒரு திருகாணிக்குக் கீழே முடிந்திருந்தது.

இரண்டு வருடம் அவருக்குக் கண்ணாக இருந்தவளுக்கு இவ்வளவு தெரியும்: வெளி உடம்பில் பூட்டுவது எர்த் வயர் ஒன்றைத்தான். இந்த மெஷினைச் செய்தவர்கள் ஊரில் எர்த்துக்குச் சிவப்பு. டொக்யாட் ஆளுக்கு அது கனவிலும் வராது. உள்ளே விரலை விட்டு ஒரு தரம் தடவியிருந்தால் பிடித்திருப்பார். தடவவில்லை. சிவப்பு என்று அவள் சொன்னாள், சிவப்பென்றால் அவருக்குக் கரண்ட்; அது நேரே செம்பு உடம்புக்கே போயிற்று.

"அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. புருஷனைக் கபுறில் வைத்து ஒரு நாள். பிழை அவருடையது என்று பெண்சாதிக்கு ஆறுதல். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

அந்தச் சிவப்பைக் கழற்றிவிடத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். வயர் நுனியை அவர் முறுக்கியிருந்த விதம் கண்ணில் பட்டது. மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றி நுனியை மடித்து அமுக்குவார். வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. அவர் கை கடைசியாகச் செய்த வேலை. அதை அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. நாளைக்குக் கழற்றலாம், மெஷின் எங்கே போகப் போகிறது என்று மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டாள். அவள் பிழை விட்டது அங்கேதான்.

சனிக்கிழமை காலை நபீஸா அவளைக் குளிக்கக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். வேலியில் சேலையைக் கட்டி மறைத்து, தலையில் வார்த்து, தலைமுடி உலர்த்தி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அறைக்குள் வந்தால் மேசை வெறுமையாக இருந்தது.

"இதில இருந்த மெஷின் எங்க மதினி?"

"காசிநாதர் வந்திருக்கார். நீங்க குளிக்கக்குள்ள. இண்டைக்குத்தானாம் மாப்பிள்ளை வீட்டார் வாறது. மவுத்து வீட்டில கேக்கவும் கூச்சம், கேக்காமப் போகவும் ஏலாம நிண்டாராம். உங்கட காக்காதான் தூக்கிக் குடுத்திருக்கார்."

"எத்தின மணிக்கு வாறாங்களாம்?"

"நாலு மணி எண்டாராம். ஏன் கேக்கிறீங்க?"

ஸல்ஹா அன்ஸாரைக் கூப்பிடச் சொன்னாள். கடைக்குப் போயிருந்தவன் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தான். அன்று பொழுதுபட மூன்றாம் நாள் கத்தம் ஓத வேண்டும். ஐம்பது பேருக்குச் சோறு. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வியர்வையோடு திரைக்கு உள்ளே வந்தான்.

"அந்த மெஷினக் கரண்டில போட்டா ஆள் சாகும், காக்கா."

"என்ன கதை இது? மச்சான் ஈரத்தில நிண்டவர். நெஞ்சும் பலமில்ல."

"நான் திறந்து பார்த்தனான். பிழையாத்தான் பூட்டிக் கிடக்கு. போய்ச் சொல்லுங்க."

அன்ஸார் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்னெண்டு சொல்ற? மாரடைப்பில மவுத்தானவர் பூட்டின மெஷின்ல கரண்ட் அடிக்கும் எண்டா? கந்தோர்ல இருந்த மனிசனுக்கு ரெண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியாதா? பொலிஸ் வரும். கபுறத் தோண்டுவாங்கள். மச்சான்ட பேரும் போகும். நாளைக்கு நான் போய் ஏதும் சாட்டுச் சொல்லி மெஷினத் திருப்பி எடுத்திட்டு வாறன்."

"இண்டைக்கு அந்தப் புள்ள கையை வச்சா?"

"வைக்கமாட்டா. அல்லாஹ் காப்பாத்துவான். நீ வாயைத் திறக்காத."

அன்ஸார் சோறு ஆக்க வந்தவர்களிடம் போய்விட்டான். ஸல்ஹா பாயில் உட்கார்ந்தாள். அண்ணனை நினைக்கக் கோபம் வரவில்லை. ஒரு நாள் முன்பு அவளும் அதே கணக்கில்தான் மூடியைப் பூட்டினாள். நபீஸா வெங்காயம் உரிக்கப் போன நேரம் எழுந்து பின்கதவால் இறங்கினாள்.

ஒழுங்கையின் முனையில் ஆதம்பாவாவின் வீடு. கார் வெளியே நின்றது. வெள்ளைச் சேலையில் வருகிறவளைக் கண்டதும் மனிதர் முகத்தைத் திருப்பி மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இது கூடாது. வீட்டுக்குப் போங்க."

"தெரியும். என்னை உவர்மலைக்குக் கொண்டுபோய் விடுங்க. ஒரு உயிர்ட விஷயம். பாவம் எனக்கு வரட்டும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பின் சீற்றில் ஒரு துவாயை விரித்துவிட்டு, கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுக் காரை எடுத்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் மாவு இறக்கிக்கொண்டிருந்தது. வீதியோரம் நின்றவர்கள் கப்பலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஸல்ஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காசிநாதர் வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு கார் நின்றது. பெண் பார்க்க வந்திருக்கிற வீட்டில், புருஷனை அடக்கி மூன்று நாளான ஒருத்தி முன்வாசலால் ஏறக்கூடாதென்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மதிலோரமாக நடந்து குசினிப் பக்கம் போனாள். ஆதம்பாவா நாலு அடி தள்ளிப் பின்னால் வந்தார்.

யோகமலர் பட்டுச்சேலை, தலை நிறையப் பூவோடு குசினியில் நின்றாள். மெஷின் மேசையில் இருந்தது. பிளக் சுவரில் பூட்டியிருந்தது, சுவிட்ச் போட்டிருந்தது. ஒரு கையால் செம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸல்ஹா படியேறி உள்ளே போனாள்.

"கரண்ட் போயிட்டுது அக்கா, மூண்டு மணிக்கே," என்றாள் யோகமலர், யார் என்று சரியாகப் பார்க்காமல். "காலமை தொடங்கிச் சமையல், இப்பதான் இதைத் தூக்கி வச்சனாங்கள். கரண்ட் வந்த உடனை சூடாகட்டும், போட்டபடியே விடு எண்டு அப்பா..." அப்போதுதான் வெள்ளைச் சேலையைக் கண்டாள். "நீங்கள்... நீங்கள் எப்படி இங்கை?"

ஸல்ஹா அவளைத் தாண்டிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

பேச்சுக்குரல் கேட்டுக் காசிநாதர் வந்தார். தோளில் சால்வை, கையில் வெற்றிலைத் தட்டம். அவளைக் கண்டதும் முதலில் விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? இந்த நேரத்தில..."

"இதில கரண்ட் அடிக்கும் ஐயா. பூட்டினது பிழை. போடவேணாம்."

"பக்கீர் பூட்டினதிலையா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்கள் துக்கத்தில இருக்கிறீங்கள். அவன்ரை வேலை பிழைச்சதை நான் ஒரு நாளும் கண்டதில்லை. தாங்கோ அதை." வெற்றிலைத் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் கையிலிருந்த பிளக்கை மெதுவாக வாங்கினார்.

விறாந்தையில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. "ஆ, வந்திட்டுது," என்று யாரோ சொன்னார்கள். யோகமலரின் கை இன்னும் செம்பில்தான் இருந்தது. காசிநாதர் பிளக்கோடு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"மாரடைப்பில்ல ஐயா," என்றாள் ஸல்ஹா. "இந்தச் செம்பில கையை வச்சுத்தான் அவர் போனவர். பிழையாப் பூட்டினதும் அவர்தான். சிவப்பக் கரண்ட் எண்டு நினைச்சிட்டார். ரெண்டு வருஷமா அவருக்கு நிறம் தெரியாது. நான்தான் பார்த்துச் சொல்லுவன், அவர் பூட்டுவார்."

நினைத்ததை விடச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். விறாந்தையில் கதை நின்றுபோயிற்று.

"ரெண்டு வருஷமாவா?" என்று குசினிப் படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆதம்பாவா. இவ்வளவு நேரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மனிதர் இப்போது அவளை நேராகப் பார்த்தார்.

"ஓம்," என்றாள்.

யோகமலர் கையை எடுத்தாள். விறாந்தையில் ஒரு பெண், "ஆர் அந்த வெள்ளைச் சேலை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். காசிநாதருக்கு அது கேட்டது. வெற்றிலைத் தட்டத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து, மெஷினின் வயரை அடியோடு வெட்டினார். இரண்டு தரம் நெரிக்க வேண்டியிருந்தது. வெட்டிய வயரை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பின்பக்கத்தால போங்கோ, தங்கச்சி," என்றார் கடைசியில்.

அவள் வேறெதையும் எதிர்பார்த்து வரவில்லை. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். யோகமலர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதம்பாவா வந்த வழியாலேயே காரை விட்டார். ஜமாலியாவுக்குத் திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"என்ட வீட்டு வயரும் நீங்க சொல்லித்தானா?"

"ஓம். நான் சொன்ன நிறம் ஒண்டும் பிழையில்ல. எங்கட ஊர் வயருக்கு ஒரு குறையும் வராது."

அவர் கியரை மாற்றினார். ஸல்ஹா இன்னொரு தரமும் அதையே சொல்ல நினைத்து, விட்டுவிட்டாள்.

வீட்டில் எல்லோரும் அவளைத் தேடியிருந்தார்கள். நபீஸா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அன்ஸார் திரைக்கு வெளியே வந்து நின்றான்.

"சொல்லிட்டியா?"

"ஓம்."

"கரண்ட் எண்டுமா?"

"ஓம். கண் தெரியாது எண்டும்."

அவன் திரையை விட்டுத் திரும்பினான். "பொலிஸ் வந்தா நீயே கதை," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கத்தத்துக்கு ஆட்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். திரைக்கு அப்பால் ஆதம்பாவா தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர், "போன நோன்புக்குப் பள்ளியிலயும் வயரிங் அவர்தானே செஞ்சது," என்றார். இன்னொருவர் தன் வீட்டில் எப்போது செய்ததென்று மாதத்தை எண்ணினார். முன்னறை இருட்டிக்கொண்டு வந்தது.

"லைட்டப் போடுங்களன், ஓதத் தெரியல்ல," என்றார் லெப்பை.

சுவிட்ச் கதவு நிலைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அசைகிற சத்தம் கேட்கவில்லை.

"வேணாம்," என்றார் ஆதம்பாவா. "அரிக்கன் லாம்பு ஒண்டு இருந்தாக் குடுங்க."

நெருப்புக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் மணத்தது. திரையின் அடியால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஓதத் தொடங்கினார்கள்.

ஸல்ஹா எழுந்து சுவரைத் தடவிப் போய் தன் அறையின் சுவிட்சைப் போட்டாள். ஓதுகிற குரல் ஒரு கணம் தடுமாறிவிட்டுத் தொடர்ந்தது. அவள் பாயில் வந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அன்று அந்த வீட்டில் அந்த ஒரு பல்ப்தான் எரிந்தது.